நூறு பேரில் எட்டுப் பேர்: எம்மவரும் மாரடைப்பின் சாத்தியமும்

2021 மார்ச் மாதத்தில் ஒரு நாள். மெல்பேணின் தென்கிழக்கே, டன்டினோங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஸ்மோக்கோ இடைவேளை. ஒரே லைனில் என்னோடு பெட்டி அடுக்கும் நண்பர், வயது 51, தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு மடித்த கடதாசி ஒன்றை நீட்டினார். அவருடைய குடும்ப வைத்தியர் கணித்துக் கொடுத்த இலக்கம் அதில் இருந்தது.

"மாஸ்ரர், ரிசல்ட் வந்திட்டுது. எட்டு வீதம்தானாம். குறைவு எண்டுதான் டொக்டர் சொன்னவர். அப்ப நான் தொண்ணூற்றிரண்டு மாக்ஸ். பாஸ்தானே?"

"பாஸ் என்ன, டிஸ்ரிங்ஷன்" என்றேன் நான். இருவரும் சிரித்துக்கொண்டு லைனுக்குத் திரும்பினோம்.

பதினெட்டு மாதங்களின் பின் ஓர் இரவு சிவ்ற்றில் அவருக்கு நெஞ்சுக்குள் இறுக்கிப் பிடித்தது. வாய்வு என்றார். மெஷினில் சோடா வாங்கிக் குடித்தார். வீட்டுக்குப் போய் உள்ளி அவித்துக் குடித்தார். மூன்று மணித்தியாலம் கழித்தே மனைவி அம்புலன்ஸை அழைத்தார். உயிர் தப்பியது. ஆனால் இருதயத் தசையின் ஒரு பகுதி போய்விட்டது. இப்போது அவரால் பெட்டி அடுக்க முடியாது.

நான் வைத்தியன் அல்லன். யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழப் பதினான்கு வருடங்கள் புள்ளிவிபரவியலும் நிகழ்தகவும் படிப்பித்தவன். நாணயத்தைச் சுண்டினால் தலை விழும் நிகழ்தகவு என்ன, பையிலுள்ள சிவப்புப் பந்தை எடுக்கும் நிகழ்தகவு என்ன என்று நூற்றுக்கணக்கான மாணவருக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன். அந்த எட்டு வீதத்தைப் பரீட்சைப் புள்ளியாக வாசித்தவர் நண்பர். அதற்குக் கையெழுத்து வைத்தவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த இலக்கம் எதைச் சொல்கிறது என்பதைப் பார்ப்போம். வயது, பால், இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல், புகைத்தல், நீரிழிவு ஆகியவற்றில் உங்களை ஒத்த நூறு பேரை ஒரு மண்டபத்தில் நிறுத்திவைத்தால், அடுத்த ஐந்து வருடங்களுக்குள் அவர்களில் எட்டுப் பேருக்கு மாரடைப்போ பாரிசவாதமோ வரும் என்பதே அதன் பொருள். அந்த எட்டுப் பேர் யார் என்று அதற்குத் தெரியாது. உங்கள் இருதயம் நூற்றில் எட்டுப் பங்கு பழுது என்றோ, 92 பங்கு நலம் என்றோ அது சொல்லவில்லை. நோயாளியின் கேள்வி 'எனக்கு வருமா' என்பது. கணிப்பானின் பதில் 'உங்களைப் போன்ற நூறு பேருக்கு' என்பது. இந்த இடைவெளியை நோயாளி வெறுமையாக விட்டுவைப்பதில்லை. தன்னிடமுள்ள ஏதோவொன்றால் நிரப்புகிறார். எம்மவர் எதனால் நிரப்புகிறோம் என்பதே என் அக்கறை.

பரீட்சைப் புள்ளி அவற்றில் ஒன்று. எங்கள் சமூகத்தில் நூறுக்கு இத்தனை என்றாலே அது மாக்ஸ்தான். 35 எடுத்தால் பாஸ், 75 எடுத்தால் டி. இந்தக் கண்ணோடு பார்ப்பவருக்கு 8 என்பது சிறியது, 92 என்பது பெரியது, அவ்வளவுதான். விமானநிலையத்தில் 'இந்த விமானத்தில் ஏறும் நூறு பேரில் எட்டுப் பேர் போய்ச் சேரமாட்டார்கள்' என்று அறிவித்தால் எங்களில் யார் ஏறுவோம்?

மொழியின் சிக்கல் இன்னொன்று. நிகழ்தகவு என்பது வகுப்பறையை விட்டு வெளியே வராத சொல். தொலைபேசியில் வரும் மொழிபெயர்ப்பாளர் 'ரிஸ்க்' என்பதை 'ஆபத்து' என்றே சொல்வார். அவரைக் குறைசொல்ல முடியாது, வேறு சொல் கைக்கு எட்டாது. ஆனால் தமிழில் ஆபத்து என்றால் அது வாசலில் நிற்பது. பாம்பு ஆபத்து, ஷெல் ஆபத்து. 'உங்களுக்கு ஆபத்துக் கூட' என்று கேட்ட ஒருவர் அன்றிரவு நித்திரை கொள்ளமாட்டார். மறுநாள் எழும்பி, ஒன்றும் நடக்கவில்லை என்று கண்டு, வைத்தியரை நம்பாமல் விடுவார். 'ஆபத்துக் குறைவு' என்று கேட்டவர் ஆபத்து இல்லை என்று வீட்டில் சொல்வார். சாத்தியம் என்று சொன்னால் ஓரளவு பொருந்தும் என நினைக்கிறேன். வாசகர் இதைவிட நல்ல சொல் அறிந்தால் எழுத வேண்டும்.

பிள்ளைகளை மொழிபெயர்க்க விடுவது இதைவிடக் கேடு. பதினைந்து வயது மகள் அப்பாவின் மாரடைப்புச் சாத்தியத்தை அப்பாவுக்கே எப்படிச் சொல்வாள்? "ஒண்டுமில்லையாம் அப்பா, நடக்கட்டாம்" என்பாள். 1973 முதல் இந்நாட்டில் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை இயங்குகிறது; இன்றைய இலக்கம் 131 450. மெடிகெயர் ஊடாகப் பார்க்கும் குடும்ப வைத்தியர் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக அழைக்கலாம். கேட்டால் அழைப்பார்கள், கேட்க எமக்குத்தான் வெட்கம்.

இன்னொரு எம்மவர் சொல் 'சாதுவாய்'. "சாதுவாய்ச் சீனி இருக்காம், பிறஷரும் கொஞ்சம்தானாம், கொலஸ்ரரோல் கோட்டிலையாம்." ஒவ்வொன்றும் சாது; ஆகவே மொத்தமும் சாது என்று முடிவு செய்கிறோம். உண்மையில் இவை கூட்டுக் கணக்கிலும் பெருக்கற் கணக்குக்கே கிட்ட நிற்பவை. ஒன்று சாத்தியத்தை ஒன்றரை மடங்காக்கினால், அதேபோன்ற மூன்று சேர்ந்து மூன்று மடங்குக்கு மேல் கொண்டுபோகும். கணிப்பானைச் செய்தவர்களின் நோக்கமே, தனித்தனியே கோட்டுக்குக் கீழே நிற்கும் சாதுக்களை ஒன்றாக நிறுத்திப் பார்ப்பதுதான். இடையில் ஒரு சிறு விடயம்: இங்கே கொலஸ்ரரோலை 5.5 என்று எழுதுவார்கள், ஊரில் 213 என்று எழுதுவார்கள். இரண்டும் ஒன்றே, இங்குள்ள எண்ணை 38.7 ஆல் பெருக்கினால் ஊர் எண் வரும். ஊருக்குப் போய்ச் சோதித்துவிட்டு 'அங்கே இருநூற்றுச் சொச்சம், இங்கே வந்ததும் ஐந்துக்கு இறங்கிவிட்டது, நாட்டுத் தண்ணி நல்லது' என்று மகிழ்ந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

மாரடைப்பு யாருக்கு வரும் என்பது பற்றி ஒவ்வொரு சமூகத்துக்கும் ஓர் உருவம் உண்டு. டேவிசன், டேவி சிமித், பிராங்கெல் என்ற மூவர் தென் வேல்ஸ் மக்களிடையே செய்த ஆய்வொன்றை 1991 இல் வெளியிட்டனர். அங்குள்ள மக்கள் அயலில் நிகழ்ந்த மரணங்களைப் பார்த்து, பேசி, ஒப்பிட்டு, 'மாரடைப்புக்கு ஏற்ற ஆள்' ஒருவரைத் தமக்குள் வரைந்து வைத்திருந்தார்கள்: பருத்தவர், சிவந்த முகம், முன்கோபி, புகைப்பவர். அதோடு, எல்லாக் கெட்ட பழக்கமும் இருந்தும் நெடுங்காலம் வாழ்ந்த ஓர் 'அங்கிள் நோர்மன்' எல்லாக் குடும்பங்களிலும் இருந்தார். எங்கள் அங்கிள் நோர்மன் யாரென்று சொல்லத் தேவையில்லை. வேலணையிலோ கரவெட்டியிலோ 88 வயதுவரை சுருட்டுப் பத்தி, கள்ளுக் குடித்து, ஆட்டிறைச்சியும் சாப்பிட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளிய பெரியப்பா அவர். அவருக்கு எதிரே, மச்சம் தொடாமல், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய், 46 வயதில் விழுந்த கணக்காளர் ஒருவரும் எல்லோர் நினைவிலும் இருப்பார். இந்த இருவரையும் வைத்து நாங்கள் முழு மருத்துவத்தையும் தோற்கடித்துவிடுகிறோம்.

இதை அறியாமை என்று ஒதுக்குவது தவறு என்பதே அந்த ஆய்வாளரின் கருத்து, எனதும் அதுவே. ஏனெனில் மக்கள் கண்டது உண்மை. 'ஏற்ற ஆட்கள்' பலருக்கு வராமலும், 'ஏற்காத ஆட்கள்' பலருக்கு வந்தும்தான் இருக்கிறது. ஜெப்ரி றோஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1981 இல் இதையே வேறு திசையிலிருந்து காட்டினார். கரும்பலகைக் கணக்காகச் சொன்னால்: சாத்தியம் 20 வீதமுள்ள நூறு பேரில் 20 பேருக்கு வரும். 4 வீதமுள்ள ஆயிரம் பேரில் 40 பேருக்கு வரும். அதாவது சாத்தியம் குறைந்தோர் தொகையாற் பெரியவர்களாதலால், மாரடைப்பு வந்தவர்களிற் பெரும்பகுதியினர் அவர்களிடையே இருந்தே வரலாம். 'குறைவு' என்று சொல்லப்பட்ட என் நண்பர் விதிவிலக்கு அல்லர். கணக்கு எதிர்பார்த்த ஆட்களில் ஒருவர்தான்.

எமது அயலைப் பார்த்து நாம் கணித்த கணக்கில் குறையுண்டு. அவர்களுடைய கணக்கிலும் நாம் நெடுங்காலம் இருக்கவில்லை. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் பிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948 இல் தொடங்கிய ஆய்வு 5,209 ஆண் பெண்களைப் பின்தொடர்ந்தது. பெரும்பாலும் ஐரோப்பிய வழிவந்தவர்கள். அவுஸ்திரேலியாவில் 2023 வரை கையாளப்பட்ட கணிப்பான் அந்த ஊரின் தரவிலிருந்து பிறந்தது. நீ எந்த இனத்தவன் என்று அது கேட்கவில்லை. ஆனால் கேட்டிருக்க வேண்டிய காரணம் வெகு காலமாகவே தெரிந்திருந்தது. 1959 இல் டி. ஜே. தனராஜும் சகாக்களும் சிங்கப்பூரில் 9,000 இற்கும் மேற்பட்ட பிரேதபரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்து, அங்கிருந்த சீனரைவிட இந்தியரிடையே இருதய நாடி நோய் பன்மடங்கு அதிகமென்று எழுதினர். (இந்தத் தனராஜ்தான் பின்னர் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் முதற் பீடாதிபதியானவர்.) 52 நாடுகளில் நடந்த இன்ரர்ஹார்ட் ஆய்வின் தெற்காசியப் பகுதி 2007 இல் வெளிவந்தது. இலங்கையும் அதில் இருந்தது. முதலாவது மாரடைப்பு வந்த சராசரி வயது தெற்காசியாவில் 53. ஏனைய நாடுகளில் 58.8. ஏறத்தாழ ஆறு வருடம் முந்துகிறோம்.

2023 யூலையில் வந்த புதிய அவுஸ்திரேலிய வழிகாட்டி இதைத் திருத்த முயல்கிறது. நியூசிலாந்தில் சுமார் 4 இலட்சம் பேரைப் பின்தொடர்ந்து உருவான சமன்பாடு இப்போது அடிப்படை. ஐந்து வருடச் சாத்தியம் 5 வீதத்துக்குக் கீழே குறைவு, 5 முதல் 10 இற்குள் இடைநிலை, 10 உம் அதற்கு மேலும் உயர்வு. முன்னர் 10 இற்குக் கீழ் எல்லாமே குறைவுதான்; 15 இற்கு மேலேதான் உயர்வு. தெற்காசியர் என்றால் ஒரு படி மேலே தூக்கிவைப்பது பற்றி வைத்தியர் யோசிக்கும்படி வழிகாட்டி சொல்கிறது. இலங்கையர் பெயர் குறித்தே சொல்லப்பட்டிருக்கின்றனர். இன்னொன்றையும் கணிப்பான் கேட்கிறது: அஞ்சல் இலக்கம். வசதி குறைந்த புறநகரில் வாழ்வதும் மாரடைப்பின் கணக்கில் சேர்கிறது என்பதை அரசாங்கத்தின் கணிப்பான் ஒப்புக்கொண்டிருக்கிறது. சமன்பாடே மாறிவிட்டதால், நண்பரின் பழைய எட்டு புதியதில் எட்டாகவே வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் எட்டு என்று வந்தால் இன்று அதற்குப் பெயர் 'குறைவு' அல்ல.

இப்போது குளிசைக்கு வருவோம். நண்பருக்கு இரத்த அழுத்தத்துக்கு ஒரு குளிசையும், சிகரற்றை நிறுத்தும் ஆலோசனையும் கிடைத்திருந்தன. மூன்று மாதத்தில் திரும்பி வரச் சொல்லியும் இருந்தார்கள். 'பாஸ்' ஆனவர் ஏன் திரும்பிப் போகவேண்டும்? கொலஸ்ரரோல் குளிசை பற்றி அவர் முன்பே கேள்விப்பட்டிருந்தார்: அது தசையைத் தின்னும். இந்தக் கதை எங்கள் ஆட்கள் கட்டியது மட்டுமல்ல. 2013 ஒக்ரோபரில் ஏபிசி தொலைக்காட்சியின் கற்றலிஸ்ற் நிகழ்ச்சி ஸ்ரற்றின் மருந்துகளின் தேவையைச் சந்தேகிக்கும் இரண்டு பகுதிகளை ஒளிபரப்பியது. 2014 இல் ஏபிசியின் உள்விசாரணை அது பக்கச்சார்பின்மையை மீறியதாகக் கண்டு, இணையத்திலிருந்து அதை நீக்கிற்று. அதற்கிடையில் நடந்தது நடந்துவிட்டது. சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2015 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 60,000 பேரின் மருந்துப் பாவனையை அந்த நிகழ்ச்சி பாதித்தது. அதனால் 1,500 முதல் 2,900 வரையான மாரடைப்பு, பாரிசவாத நிகழ்வுகள் விளையக்கூடும் என்று கணித்தனர். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த, இங்கேயே பிறந்து வளர்ந்த மக்கள் இவர்கள். ஆகவே எம்மவர் மட்டும் பேய்க்கதை கேட்கிறவர்கள் என்ற கூச்சம் வேண்டியதில்லை.

குளிசையின் பலனை இரண்டு விதமாகச் சொல்லலாம், இரண்டும் உண்மை. கெட்ட கொலஸ்ரரோலை இங்குள்ள அளவில் ஓர் அலகு குறைத்தால் மாரடைப்பும் பாரிசவாதமும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறையும். கேட்கப் பெரிதாயிருக்கும். இதையே மண்டபத்து நூறு பேரிடம் சொன்னால்: ஐந்து வருடம் எல்லோரும் நாள்தோறும் குளிசை போட்டால், எட்டுப் பேருக்கு வரவேண்டியது ஆறுபேருக்குச் சற்று மேல் என்று குறையும். ஏறக்குறைய இரண்டு பேர் தப்புவர். மற்றவர்கள் போட்டும் போடாவிட்டாலும் அந்த ஐந்து வருடத்தில் அதேதான். இதை இப்படியே சொன்னால் எம்மவர் போடமாட்டார்கள் என்று பயப்படுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீட்டுக் கட்டியவர்கள், வீட்டுக்கும் காருக்கும் இன்சூரன்ஸ் கட்டுகிறவர்கள், நாங்கள். எரியாத வீட்டுக்கு ஏன் கட்டினோம் என்று ஒருவரும் கேட்பதில்லை. சாத்தியம் கூடியவருக்குத் தப்புவோர் தொகையும் கூடும். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு அதைவிடவும் கூடும். நண்பர் இன்று போடும் குளிசைகளைப் பற்றி விவாதமே இல்லை.

மருந்தைவிடக் கடினமானது 'யோசனை'. மாரடைப்பு ஏன் வருகிறது என்று எங்கள் ஆட்களில் பத்துப் பேரைக் கேளுங்கள். ஒன்பது பேர் யோசனை என்பார்கள். யுத்தம், காணாமற்போனவர், ஊரில் கடன், விசா. இதில் பொய்யில்லை. இன்ரர்ஹார்ட் ஆய்வு 2004 இல் வரிசைப்படுத்திய ஒன்பது காரணிகளில் மன நெருக்கடியும் ஒன்று. வைத்தியரின் கணிப்பானில் அதற்கொரு பெட்டி இல்லை. ஆனால் யோசனை மட்டுமே காரணம் என்று கொண்டால், அது தீரும்வரை வேறொன்றும் செய்யத் தேவையில்லை என்றாகிவிடுகிறது. நண்பர் எனக்குச் சொன்ன வசனம் இது: "விசா வந்தால் பிறஷர் தானா இறங்கும் மாஸ்ரர்."

ஐந்து வருடம் என்ற சொல்லையும் பாருங்கள். வைத்தியருக்கு அது குறுகிய காலம். 2014 டிசம்பரில் சட்டமாகிய 'ஷெவ்' விசாவின் ஆயுளும் ஐந்து வருடம். மற்றத் தற்காலிக விசா மூன்று வருடம். பிறிட்ஜிங் விசாக்காரருக்கு மாதக் கணக்கு. விசா முடிந்து அடுத்தது வரும்வரை மெடிகெயர் அட்டை செல்லாதிருந்த காலங்களும் பலருக்கு உண்டு. ஆறு மாதத்துக்கு அப்பால் இந்த நாட்டில் இருப்போமா என்று தெரியாத மனிதனிடம் ஐந்து வருடச் சாத்தியம் பற்றிப் பேசுவது, நாளைக்கு உலை வைக்க அரிசியில்லாதவனிடம் ஓய்வூதியம் பற்றிப் பேசுவது போன்றது. நண்பர் குளிசையை ஒத்திவைத்தது சோம்பலால் அல்ல. அவருடைய வாழ்க்கை முழுவதுமே ஒத்திவைக்கப்பட்டிருந்தது. தற்காலிக விசாக்காரருக்கு நிரந்தர வதிவிடம் என்ற அறிவிப்பு 2023 பெப்ரவரியில் வந்தது. அவருக்கு மாரடைப்பு வந்து அப்போது சில மாதங்கள்.

'வேலையே எக்சசைஸ்தானே' என்ற நம்பிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. நானும் நம்பினேன். 1953 இல் ஜெரமி மொறிஸ் இலண்டன் இரட்டைத்தட்டு பஸ்களில் படியேறி இறங்கும் கொண்டக்ரர்களுக்குச் சாரதிகளைவிட மாரடைப்புக் குறைவென்று காட்டியது உண்மை. ஆனால் 2021 இல் கொப்பன்ஹேகனில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோரிடம் செய்த ஆய்வில், ஓய்வு நேர நடையும் ஓட்டமும் நன்மையோடு சேர்ந்திருக்க, வேலைத்தலத்துப் பாரமான உழைப்பு தீமையோடு சேர்ந்திருந்தது. பன்னிரண்டு மணித்தியாலம் ஓரிடத்தில் நின்று பாரம் தூக்குவதும், காற்றுவாங்க அரை மணி நடப்பதும் உடலுக்கு ஒன்றல்லப் போலும்.

வாய்வு விடயத்தில் மட்டும் விவாதம் வேண்டாம். நெஞ்சில் இறுக்கமோ நோவோ, கை, கழுத்து, தாடை என்று பரவினாலும் பரவாவிட்டாலும், கடுமையாக இருந்தால் உடனே 000. கடுமையில்லாமலும் பத்து நிமிடம் தாண்டி நின்றால் 000. உள்ளி பிறகு அவிக்கலாம்.

சிட்னிப் பல்கலைக்கழகத்தில் 2014 இல் வெளியான இன்னோர் ஆய்வில், 'இருதய வயது' சொல்லும் கணிப்பான்களைப் பாவித்தவர்களிடம் பேசினார்கள். கிடைத்த எண்ணை நம்பாதவர்களிலும் சிலர், ஏதாவது செய்யத்தான் வேண்டுமென்று எண்ணினார்களாம். இதை வாசித்தபோது எனக்கு என்னைத் தெரிந்தது. 2024 இல் நானும் போனேன். வைத்தியர் 3175 என்று எங்கள் அஞ்சல் இலக்கத்தைத் தட்டியபோது கொஞ்சம் கோபம் வந்தது. யாருடன் என்று தெரியவில்லை. திரையில் 7 என்று வந்தது. நூறு பேர் நிற்கும் படமொன்றைக் காட்டும்படி கேட்டேன். காட்டினார். ஏழு பேருக்கு நிறம் போட்டிருந்தது. பதினான்கு வருடம் படிப்பித்தவன், அந்த ஏழு பேரின் முகத்தில் என்னைத் தேடினேன். பிறகு தெற்காசியர் பற்றிய அந்த வரியைப் பற்றிக் கேட்டேன். அவர் வாசித்துவிட்டு, "ஆம், யோசிக்க வேண்டும்" என்றார். இருவரும் யோசித்தோம். இரண்டு குளிசைகள்.

இப்போது அவை என் மதியச் சாப்பாட்டுப் பைக்குள் இருக்கின்றன. இரவு சிவ்ற் வாரங்களில் எத்தனை மணிக்குப் போடுவது என்று கேட்க மறந்துவிட்டேன். 23ஆம் திகதி திரும்பப் போகிறேன். நண்பரும் வருகிறார், கேட்டுக்கொண்டிருக்க.